பதினோராவது கை

ஒரு சிலை செய்ய என்ன வேண்டும்? ஒரு மேசன் வேண்டும், நாலு மூட்டை சிமெந்து வேண்டும், கொஞ்சம் கம்பி, மழை இல்லாத பத்து நாள். அவ்வளவுதானே என்று நினைத்தால் நீங்கள் மூங்கித் தோட்டத்துப் பக்கமே வந்ததில்லை என்று அர்த்தம். அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கமிட்டி வேண்டும். கமிட்டி இல்லாமல் செய்தால் அது வெறும் சிலையாகப் போய்விடுமே!

அட்டன் பஸ் இறக்கிவிடும் சந்தியிலிருந்து மூணு மைல் மேலே ஏறினால் மூங்கித் தோட்டம். ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது முதலில் கண்ணில் படுவது சீத்தம்மாள் கோவில். கருங்கல் சுவர், கூர்க் கோபுரம், பாசி பிடித்த மணி. தேயிலை வருவதற்கு முன்னால், கோப்பிக் காலத்தில், டொனலன் என்ற ஐரிஷ் தொரை கட்டியது. அந்தத் தொரைக்கு வேலைக்காரர்கள் நிலைக்கவே மாட்டார்களாம். சமையல்காரன் மூணு மாதம், ஆயா ரெண்டு மாதம், குதிரைக்காரன் சம்பளம் வாங்கிய மறுநாள். வெறுத்துப்போன மனுசன், இத்தாலி தேசத்தில் ஒரே வீட்டில் நாற்பத்தெட்டு வருசம் வேலைக்காரியாக இருந்து புனிதையான சீத்தம்மாளுக்கு நேர்ந்துகொண்டு கோவிலைக் கட்டினார். கோவில் நின்றது. வேலைக்காரர்கள் நின்றார்களா என்பது சரித்திரத்தில் இல்லை.

அறுபத்திரண்டு ஏப்ரல் மாதத்துத் திருநாளோடு அந்தக் கோவிலுக்கு நூறு வயது. அதற்கு முற்றத்தில் அம்மாளுக்கு ஒரு சிலை வைப்பது, அதுவும் பழைய பாணியில் அல்லாமல் சமகாலச் சிலை, எல்லா மதத்தாரும் பார்க்கும்படி திறந்த வெளியில், என்று ஐம்பத்தொன்பதிலேயே முடிவாகிவிட்டது. பதினொரு பேர் கொண்ட கமிட்டியும் அமைந்தது. கமிட்டி முதல் வருசம் முழுக்கத் தனக்கு யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுதியது. இரண்டாம் வருசம் எழுதிய யாப்பைத் திருத்தியது. மூன்றாம் வருசம் திருத்தியதை அச்சடித்தது. திருநாளுக்குப் பத்து வாரம் இருக்கும்போதுதான், எல்லாம் இருக்கிறது, சிலை மட்டும் இல்லையே என்று யாருக்கோ ஞாபகம் வந்தது.

அப்போதுதான் பழனியாண்டியைக் கூப்பிட்டார்கள்.

பழனியாண்டி தோட்டத்து மேசன். தண்ணீர் ஓடக் கான் கட்டுவான், புகைக்கூண்டு வைப்பான், தேயிலை ஸ்டோர் சுவரில் வெடிப்புப் பூசுவான். ஒருமுறை மாரியம்மன் கோவிலுக்குச் சிங்கம் ஒன்று செய்தான். அது கொஞ்சம் பன்றிச் சாயலில் வந்துவிட்டது, ஆனாலும் பல் நல்ல பல். காலைப் பெரட்டில் அத்தனை பேரும் வரிசையில் நின்று வேலைக்குப் பிரிகிற நேரத்தில், "கோவில் கமிட்டி கூப்புடுது" என்று ஆள் வந்து சொன்னதும் அவன் வரிசையிலிருந்து விலகினான். சிங்கத்தைப் பற்றித்தான் விசாரணை என்று நினைத்துக்கொண்டான்.

நினைக்க அவனுக்கு வேறு கவலை இல்லாமல் இல்லை. பெண்டாட்டி நாகலெட்சுமிக்கு ஏழு மாசம். போன வருசமும் இப்படித்தான், அஞ்சாம் மாசத்தில், ஆற்றுப் பள்ளத்திலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது வழுக்கி விழுந்தாள். குடம் உடையவில்லை. பிள்ளை தங்கவில்லை.

கோவிலுக்கு நேர் கீழேதான் அவர்கள் குடியிருக்கிற பத்துக் காம்பரா லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து ஒற்றையறை வீடு. அதற்குத் தண்ணீர் பிடிக்க ஒரு பீலி கிடையாது. ஆனால் காட்டு ஊற்றிலிருந்து தோட்டத்தை ஆளுகிற பெரிய தொரை பங்களாவின் ரோசாத் தோட்டத்துக்குப் போகிற இரும்புக் குழாய் கோவிலுக்குப் பின்னாலேதான் போகிறது. தண்ணீர் போகிற சத்தம் இரவில் லயத்துக்குக் கேட்கும். அதிலிருந்து ஒரு கிளை எடுத்து ஒரு பீலி கட்டித் தாங்க என்று பழனியாண்டி மூணு தரம் ஆபீசுக்கு மனுக் கொடுத்தான். முதல் தரம் சிமெந்து இல்லை என்றார்கள். இரண்டாம் தரம் குழாய் இல்லை என்றார்கள். மூன்றாம் தரம் மனுவே இல்லை என்றார்கள்.

"இந்தப் புள்ளயாவது தங்கணும்னா நான் பள்ளத்துல எறங்கக் கூடாதுங்க" என்று நாகலெட்சுமி சொல்லியிருந்தாள். அவன் வேலைக்குப் போகுமுன் ரெண்டு குடம் கொண்டுவந்து வைப்பான். மத்தியானத்துக்குள் அது தீர்ந்துவிடும். பிறகு அவள் இறங்கத்தான் செய்தாள்.

கமிட்டி, கோவிலை ஒட்டிய மண்டபத்தில் கூடியிருந்தது. தலைமையில் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மரியநாயகம். யாழ்ப்பாணத்துக்காரர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, முன்னால் அச்சடித்த யாப்பு. அவருக்கு வலப்பக்கம் பெரிய தொரையின் சம்சாரம் தொரைசாணி. அந்த அம்மாள் வேறு கிறிஸ்தவ சபைதான், ஆனால் கூட்டத்துக்குக் கேக் அவர் பங்களாவிலிருந்து வரும். இடப்பக்கம் ஆட்களை வேலை வாங்குகிற பெரியங்கங்காணி சோலைமலை. அவர் வேதக்காரரே அல்ல, முருக பக்தர். மண்டபத்துக் கதிரைகள் பன்னிரண்டும் அவர் உபயம் என்பதால் ஒன்றில் அவரும் உட்கார்ந்திருந்தார். மூலையில் வயசான பங்குச் சுவாமி, கண்ணை மூடியபடி. தூங்குகிறாரா ஜெபிக்கிறாரா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. கொழும்பிலிருந்து வரவழைத்த கலை நிபுணர் பரமலிங்கம் ஜன்னலோரம் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தலையாட்ட வந்தவர்கள், விட்டுவிடலாம்.

முதலில் வரவு கூப்பிட்டார்கள். பத்துப் பேரும் "உள்ளேன்" என்றார்கள்.

"சந்தியாப்பிள்ளை?" என்றார் கிளாக்கர்.

பதில் இல்லை. வரட்டும் வரட்டும் என்பதுபோல எல்லோரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

"வரவில்லை. காரணம் தெரிவிக்கப்படவில்லை" என்று எழுதிக்கொண்டார் கிளாக்கர்.

சந்தியாப்பிள்ளை தேயிலை ஸ்டோரைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்ற டீமேக்கர். அவர் செத்து இரண்டு வருசமாகிறது. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கல்லறைதான் அவருடையது. ஆனால் ஒரு அங்கத்தவரை நீக்குவதற்கு யாப்பின்படி பதினொரு அங்கத்தவரும் நேரில் வந்து கை தூக்க வேண்டும். அந்தப் பதினொரு பேரில் அவரும் ஒருவர். எனவே அவர் இன்னும் கமிட்டியில்தான் இருக்கிறார். பழனியாண்டிக்கு இது விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கினால் நீங்களும் கமிட்டிக்குத் தகுதியானவர்தான்.

"பழனியாண்டி, இஞ்சை வா" என்றார் கிளாக்கர். "அம்மாளின்ரை சிலையை நீதான் செய்யப்போறாய். சமகாலச் சிலை. விளங்குதோ?"

சிங்கத்தைப் பற்றி இல்லை என்றதும் அவனுக்கு உயிர் வந்தது. "சரிங்கய்யா. சமகாலம்னா முக்கா அங்குலக் கல்லுல வருமா, அரை அங்குலமாங்கய்யா?"

கிளாக்கர் நிபுணரைப் பார்த்தார். நிபுணர் புகையை விட்டார். "அது கல்லில் இல்லை தம்பி. பார்வையில் இருக்கிறது."

"அப்ப மணல் மட்டும் போதுங்களா?"

கிளாக்கர் யாப்பை எடுத்து ஆறாம் விதியையும் ஏழாம் விதியையும் வாசித்தார். சிலையின் எந்த அம்சத்துக்கும் ஒரே ஒருவர் மறுப்புச் சொன்னாலும் அந்த அம்சம் நீக்கப்படும். ஒருவரும் மறுக்காமல் ஒரு அம்சம் ஏறிவிட்டால் அதைப் பின்னால் தொடுவதற்குப் பதினொரு கையும் உயர வேண்டும். வாசித்துவிட்டு எழுந்து நின்று அம்மாளைப் பற்றிப் பேசினார்.

"நாற்பத்தெட்டு வருசம், ஒரே வீடு! சம்பளம் கூட்டிக் கேட்டவ எண்டு ஒரு ஏட்டிலையும் இல்லை. லீவு கேட்டவ எண்டு இல்லை. எசமான் அடிச்சாலும் திருப்பி ஒரு சொல்லுச் சொன்னதில்லை. சங்கம் கிங்கம் எண்டு ஒண்டிலையும் சேரேல்லை. முப்பது வருசமாய் நான் இந்தத் தோட்டத்திலை பேர் பதியிறன், இப்பிடியொரு ஆளைக் கண்டதில்லை. அதாலைதான் அவ புனிதை. லயத்துச் சனம் தினமும் பாத்துப் பழகவேணும்."

பழனியாண்டி கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "அய்யா, அந்தம்மா வீட்டுக்குத் தண்ணி யாரு கொண்டாந்ததுங்க?"

"அவதான். குடத்திலை."

"எம்புட்டுத் தூரங்க?"

கிளாக்கர் யாப்பைப் புரட்டினார். அதில் இல்லை.

அடுத்த வாரம் பழனியாண்டி களிமண்ணில் ஆளுயரத்துக்கு ஒரு மாதிரி செய்து மண்டபத்தில் நிறுத்தினான். அவனுக்கு இத்தாலி தெரியாது. வேலை செய்கிற பொம்பிளை எப்படி நிற்பாள் என்பது தெரியும். முதுகு கொஞ்சம் வளைந்து, ஒரு கையில் குடம், மறு கை இடுப்பில், பித்த வெடிப்போடு வெறும் கால். மடியில் ஏழைகளுக்கு எடுத்துப்போன ரொட்டி, இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து. இதெல்லாம் சுவாமி பாதித் தூக்கத்தில் சொல்லிக் கொடுத்தவை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிலை நன்றாகவே வந்திருந்தது. அதுதான் தப்பாய்ப் போயிற்று.

தொரைசாணி எழுந்து சிலையைச் சுற்றி வந்தார். அவர் தமிழ் படித்தது தோட்டத் தொரைமார் வைத்திருக்கும் ஒரு சின்னப் புத்தகத்தில். அதில் இருப்பதெல்லாம் ஏவல்தான்: வா, போ, எடு, கழுவு. "இது கால் அளுக்கு" என்றார். "கழுவு."

"அது வெடிப்புங்கம்மா. கழுவினாப் போகாது."

"போகாது? எடு."

கால் போயிற்று. காலை மறைக்க அங்கி கீழே இறங்கியது. அங்கியைப் பார்த்த சோலைமலை கங்காணிக்கு மனசு கேட்கவில்லை. "அட என்னாப்பா இது, சாக்கு மாதிரி! ஒரு கூறைப்புடவையக் கட்டி உடுப்பா. மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி வை." சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். "மூஞ்சிக்கு ஒரு மாதிரி வேணும்ல, இந்தா வச்சுக்க." போட்டோவில் அவருடைய சம்சாரம், இரண்டு பக்கமும் மூக்குத்தியோடு.

"கங்காணியார், இது புனிதையின்ரை சிலை" என்றார் கிளாக்கர். "முகத்திலை ஒரு சாந்தம் வேணும். என்ரை அம்மா செத்தபோது எடுத்த படம் ஒண்டு வீட்டிலை இருக்கு."

"செத்த மூஞ்சியவா வைக்கச் சொல்றீங்க?"

இரண்டு முகத்துக்கும் மறுப்பு விழுந்தது. புடவைக்கு மறுப்பு, அங்கிக்கு மறுப்பு. அப்போதுதான் நிபுணர் பரமலிங்கம் வாயைத் திறந்தார். நியாயம் சொல்ல வேண்டும், மனிதர் அழகாகப் பேசுவார்.

"முகம் என்பது போன நூற்றாண்டு. சிற்பம் சேர்ப்பதல்ல நண்பர்களே, நீக்குவது. நான் பாரிசில் ஒரு கூடத்தில் ஒரு சிலையை மூன்று நாள் நின்று பார்த்தேன். கண்ணீர் வந்தது. நாலாம் நாள் காவல்காரன் சொன்னான், அது சிலையல்ல, சிலை வந்திறங்கிய பெட்டி என்று. அதனால் என்ன? என் கண்ணீர் பொய்யா? இந்த நாட்டில் இன்னும் பெட்டிக்கு அழத் தெரிந்த மக்கள் உருவாகவில்லை. அதுதான் என் துயரம்."

எல்லோரும் கை தட்டினார்கள். முகம் போயிற்று. தலை மட்டும் எதற்கு என்று தலையும் போயிற்று.

சாவிக்கொத்துக்குத் தொரைசாணி மறுத்தார். வேலைக்காரி கையில் சாவியா! இதைப் பார்த்துவிட்டு நாளைக்குப் பங்களா ஆயா வந்து அலுமாரிச் சாவி கேட்டால்? ரொட்டிக்குக் கிளாக்கரே மறுத்தார். "எசமான் வீட்டு ரொட்டியை எடுத்து ஏழையளுக்குக் குடுத்தவ, சரி. அங்கை அது புண்ணியம். இஞ்சை அது ஸ்டோர் களவு. நாங்கள் அரிசி அளந்து குடுக்கிற இடத்திலை இப்பிடிப் படிப்பிக்கேலாது." வளைந்த முதுகு தொழிற்சங்கக்காரர்களுக்குப் பேச்சுக்குக் கிடைத்துவிடும் என்று முதுகு போயிற்று. இடுப்பில் வைத்த கை எதிர்த்துக் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று அந்தக் கையும் போயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை கேட்டிருப்பீர்கள், பழனியாண்டி கண்ணால் பார்த்தான்.

கடைசியில் மிஞ்சியது குடம் பிடித்த வலது கை மட்டும். முழங்கைக்குக் கீழே.

அந்த நேரம் பார்த்துப் பங்களாவிலிருந்து தேத்தண்ணியும் கேக்கும் வந்தன. கமிட்டி முழுவதும் திரும்பிவிட்டது. பழனியாண்டி ஈரக் கையோடு நின்று, "அய்யா, இந்தக் கையும் கொடமும் இருக்கட்டுங்களா, இதையும் எடுத்துரவா?" என்று கேட்டான். ஒருவர் காதிலும் விழவில்லை. கோப்பைச் சத்தத்தில் சுவாமிக்கு விழிப்பு வந்தது.

"ஆமென்" என்றார் சுவாமி.

யாரும் மறுக்கவில்லை என்று குறிப்புப் புத்தகத்தில் ஏறியது. ஏழாம் விதி அந்தக் கையின் மேல் உட்கார்ந்துவிட்டது.

கேக் துண்டோடு திரும்பிய நிபுணர் அந்தக் கையைப் பார்த்துச் சிலிர்த்துப்போனார். "இதுதான்! இதுதான் சமகாலம்! ஆனால் வெறும் குடம் ஒரு பொய். குடம் என்றால் நீர். நீர் என்றால் இயக்கம். இதிலிருந்து தண்ணீர் ஓட வேண்டும், இடைவிடாமல்." தன் ஊரில் பெரிய வீட்டுத் தோட்டத்தில் அப்படி ஒன்று உண்டென்று தொரைசாணிக்கு ஞாபகம் வந்தது. நிபுணர் சொன்னது மற்றவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காததை மறுத்தால் விளங்கவில்லை என்று தெரிந்துவிடும். அதனால் அதுவும் ஏறியது. தண்ணீருக்குப் பங்களாக் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்துக்கொள்ள உத்தரவானது.

பழனியாண்டி கேட்டுக்கொண்டு நின்றான். மூணு மனுவுக்குக் கிடைக்காத குழாய், கேட்காமலே வருகிறது. ஒரு எட்டு முன்னால் வந்தான். "அய்யா, ஓடுற தண்ணி எங்கய்யா போறது? முத்தத்துல நின்னா ஆண்டகை பாதம் நனையுமே."

மேற்றிராணியார் ஆண்டகைதான் திருநாளுக்கு வந்து சிலையைத் திறந்து வைப்பதாக இருந்தது. அவர் பாதம் நனைவதா! கமிட்டி கலங்கிவிட்டது. கிளாக்கர் விரலை உயர்த்தினார்.

"தண்ணி ஒருத்தற்றை கண்ணுக்கும் படாத இடத்துக்குப் போகவேணும்."

"கண்ணுக்குப் படாத எடம்னா எதுங்கய்யா?"

"உனக்குத் தெரியாதே? நீதானே தட்டி கட்டினனீ? அதுக்குப் பின்னாலை."

மூங்கில் தட்டி போன வாரம்தான் கட்டியது. திருநாளுக்கு வருகிற பெரிய மனிதர்கள் கண்ணில் லயம் படக்கூடாது என்று, முற்றத்துக் கீழ்ப்பக்கம் முழுக்க இருபதடி உயரத்துக்கு அடைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் இருப்பது பத்துக் காம்பரா லயம். அதில் மூன்றாவது காம்பராவில் நாகலெட்சுமி.

"ஆருக்கும் மறுப்பு இல்லையே?" என்றார் கிளாக்கர்.

ஒருவருக்கும் இல்லை. எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது நாகலெட்சுமி நம்பவில்லை. "சும்மா இருங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான். இங்க பதினோரு பூசாரி."

அவள் பயந்ததும் சரிதான். தண்ணீர்க் குழாய் போட ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பீடம் வந்து வழியை மறித்தது. பீடத்தில் பதினொரு பேருடைய பெயரும் வர வேண்டும் அல்லவா? கிளாக்கரின் பெயர் நாலு அங்குல எழுத்தில் என்றதும், பன்னிரண்டு கதிரை கொடுத்தவனுக்கு அஞ்சு அங்குலம் இல்லையா என்றார் சோலைமலை. தொரைசாணிக்கு ஆறு. பெயர் வளர வளரப் பீடம் வளர்ந்தது. நாலடியில் தொடங்கியது எட்டடி ஆயிற்று. ஆறு வாரம் பெயர் வெட்டியே போயிற்று. சிமெந்து முழுவதையும் பீடமே விழுங்கியது. பங்குனி வெயிலில் ஆறு வற்றி, பள்ளத்தில் ஊறலுக்கு நாழிக்கணக்கில் காத்திருக்க வேண்டி வந்தது. ஒருநாள் நாகலெட்சுமி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள் என்று பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா ஓடிவந்து சொன்னாள். பழனியாண்டி ஏணியில் நின்று "சந்தியாப்பிள்ளை" என்று செதுக்கிக்கொண்டிருந்தான். உளியைப் போட்டுவிட்டு ஓடினான்.

ஒன்றுமில்லை, மயக்கம்தான். ஆனால் அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு ஏறும்போது அவன் அழுதுவிட்டான். "எட்டடி உசரத்துக்குச் செத்தவரு பேரெல்லாம் வெட்டுறேன்டி. ஒரு அடி பைப்பப் போட்டு முடிக்க எனக்கு நேரம் குடுக்க மாட்டேங்குறாங்க."

"அழுதா எறங்குமா தண்ணி? போயி வேலையப் பாருங்க" என்றாள் அவள். பிறகு மெதுவாக, "சீக்கிரம் பாருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் பெயர்களை விறுவிறு என்று வெட்டினான். சோலைமலை பெயரில் ஒரு கொம்பு விழுந்துவிட்டது, கவலைப்படவில்லை. சிமெந்து ஒரு சட்டி மிச்சமிருந்தது. அதில் அந்தக் கையைச் செய்தான். களிமண்ணில் செய்ததைப் பார்த்தல்ல. வீட்டில் அவள் குடத்தைச் சரிக்கிற கையைப் பார்த்துச் செய்தான், விரல் முட்டியெல்லாம் புடைத்திருக்க. திருநாளுக்கு முதல் நாள் சாயந்தரம் கடைசிக் குழாயை முடுக்கி, தட்டிக்குப் பின்னால் லயத்துச் சுவரோரம் ஒரு பீலி கட்டினான். கண்ணுக்குப் படாத இடத்தில் தண்ணீர் தேங்கி நாறக்கூடாதே, அதற்கு ஒரு வாய் வேண்டுமே. உத்தரவை நிறைவேற்றுவதென்றால் ஒழுங்காக நிறைவேற்ற வேண்டும்.

திருநாளன்று பேண்டு வாசித்தது, வெடி போட்டார்கள். முற்றத்தில் பட்டுத் துணி மூடிய சிலை பதினோரடி உயரம் நின்றது. கிளாக்கர் முக்கால் மணி நேரம் பேசினார். "மூன்று வருச உழைப்பு! இருபத்தேழு கூட்டம்! இந்தச் சிலையிலை எங்கள் கமிட்டியின்ரை முழு உருவத்தையும் ஆண்டகை காண்பார்" என்று முடித்தார். அது ஒரு வார்த்தை உண்மை.

ஆண்டகை கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

எட்டடிப் பீடம். அதில் மேலிருந்து கீழ்வரை பதினொரு பெயர். உச்சியில் வானத்தைப் பார்த்து ஒற்றைக் கை, கையில் ஒரு குடம்.

ஆண்டகை பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "புனிதை எங்கே?" என்று மெதுவாகக் கேட்டார்.

நிபுணர் முன்னால் வந்தார். "இல்லாமையில் இருக்கிறார்கள், ஆண்டகை."

ஆண்டகை வாயைத் திறக்குமுன் பழனியாண்டி குழாயைத் திறந்தான். குடம் களுக்கென்று இருமியது, ரெண்டு தரம் காற்றைத் துப்பியது, பிறகு பளபளவென்று கொட்டத் தொடங்கியது. பீடத்தடித் தொட்டியில் விழுந்த தண்ணீர் சுழன்று ஒரு மூலையில் மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தட்டிக்குப் பின்னால் ஒரே கூச்சல்.

"வந்துருச்சுடி! தண்ணி வந்துருச்சு!" வாளிச் சத்தம், குடச் சத்தம், குலவை.

"அங்கே யார்?" என்றார் ஆண்டகை.

"பக்தர்கள்" என்றார் கிளாக்கர், கோட்டுக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு.

ஆண்டகை வயசானவர், ஆனால் கால் நன்றாக நடக்கும். நேரே தட்டியண்டை போய் ஒரு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். நிறைமாசக்காரி ஒருத்தி நின்ற இடத்தில் நின்றபடி குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தாள். ஆண்டகை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்த இடுக்கு வழியே சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

எட்டாம் நாள் பிள்ளை பிறந்தது, பொம்பிளைப் பிள்ளை. பேச்சியம்மாதான் மருத்துவம் பார்த்தாள். வெந்நீர் போட அவள் குரல் கொடுத்தபோது பழனியாண்டி பத்து எட்டில் போய் ரெண்டு வாளி கொண்டுவந்துவிட்டான். பிள்ளை அலறிய அலறல் கோவில் மணிக்கு மேலே கேட்டது.

ரோசாச் செடிகள் வாடுகின்றன என்று தொரைசாணிக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று. தட்டியைப் பிரித்தபோது கிளாக்கருக்கும் எல்லாம் வெளித்தது. உடனே அவசரக் கூட்டம். தண்ணீரை நிறுத்துவது என்ற தீர்மானத்துக்கு ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. நிபுணர்கூடக் கொழும்பிலிருந்து வந்து, நின்றுபோன நீரே உண்மையான நீர் என்று பேசினார். சுவாமியை எழுப்பிக் கை தூக்கவைத்தார்கள். குழாயை அடைக்கச் சாவியோடு பழனியாண்டி வாசலில் நின்றான்.

கிளாக்கர் எண்ணினார். "பத்து."

ஏழாம் விதியை எடுத்து வாசித்தார். இன்னொருமுறை எண்ணினார். பத்துத்தான். எல்லோரும் ஜன்னல் வழியாகக் கல்லறையைப் பார்த்தார்கள்.

"அந்தாளை விட்டுட்டு எண்ணேலாதோ?" என்றார் ஒருவர்.

"யாப்பை மீறுறதோ!" என்று பொங்கினார் கிளாக்கர். "யாப்பில்லாட்டி நாங்கள் ஆர்? வெறும் பத்துப் பேர்!"

கடைசியில், அங்கத்தவர் சந்தியாப்பிள்ளை அடுத்த கூட்டத்துக்குத் தவறாது சமூகமளிக்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புவதென்று தீர்மானமாயிற்று. தபால்காரன் ஆண்டியப்பன் அதைக் கல்லறை வரை கொண்டுபோனான். கையெழுத்துக் கிடைக்காமல் திருப்பிக் கொண்டுவந்தான். அதன் பிறகு மாதம் ஒரு ஞாபகக் கடிதம் போகிறது. தண்ணீர் ஓடுகிறது.

பிள்ளைக்கு மூணு மாசமானதும் நாகலெட்சுமி அதைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு ஏறினாள். சிலையடியில் நின்று அண்ணாந்து அந்தக் கையைப் பார்த்தாள். புடைத்த விரல் முட்டியைப் பார்த்ததும் தன் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பழனியாண்டி வேறு பக்கம் பார்த்தான். அங்கே கும்பிட்டுவிட்டு அவள் நேரே கல்லறைப் பக்கம் நடந்தாள்.

"ஏய், எங்கடி போற? அவரு வேதக்காரரு. நமக்கும் அவருக்கும் என்னா ஒறவு?"

"கமிட்டியில எத்தன பேருங்க?"

"பதினொண்ணு."

"அதுல நம்ம தண்ணிய நிறுத்தக் கை தூக்காதவரு எத்தன பேரு?"

பழனியாண்டி யோசித்தான். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. "ஒருத்தருதான்."

"அப்பறம் என்னா?" என்றாள் நாகலெட்சுமி, மடியிலிருந்த பூவை எடுத்து அவன் கையில் கொடுத்தபடி. "இந்தாங்க, நீங்களே வையிங்க. செதறாம வையிங்க."